பழைய தாளைக் கழிக்கும் முன்: பதிவறைக் கேள்வி பதில்

தாலுகா ஆபீஸ் பதிவறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள் நான். டெல்டா மாவட்ட அலுவலகங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மன்னார்குடி, இளநிலை உதவியாளர்: மேடம், பதிவறையில் கால் வைக்க இடமில்லை. எதைக் கழிக்கலாம்?

கோப்பை முடிக்கும்போது போட்ட எழுத்தைப் பாருங்கள். ஓ.மு. என்றால் ஒரு வருஷம், மூ.மு. மூன்று, ப.மு. பத்து. பழைய கட்டுகளில் எல்.டிஸ், கே.டிஸ், டி.டிஸ் என்று இருக்கும், கணக்கு அதேதான். ஆர்.டிஸ் நிரந்தரம், அதைத் தொடவே கூடாது.

கெடு முடிந்துவிட்டது என்று உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். அந்தக் கோப்பின் மேல் வழக்கு, தணிக்கைத் தடை, தகவல் உரிமை மனு எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. மனுவில் கேட்ட தகவலை அழித்தால் பொதுத் தகவல் அலுவலர் 25,000 ரூபாய் வரை அபராதம் கட்ட வேண்டிவரும். பட்டியல் எழுதி, அலுவலகத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, பதிவேட்டில் ஏற்றிய பிறகுதான் எடை போட வேண்டும். தராசுக்கு முன்னால் பதிவேடு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

கும்பகோணம்: கிலோ என்ன விலை போகும்?

மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் கணக்குப் பிரிவில் கேளுங்கள்.

நாகப்பட்டினம்: ஆலைக்குப் போன தாள் என்ன ஆகிறது?

நல்ல கேள்வி. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில், நம் காவிரியை ஒட்டியே, டிஎன்பிஎல் என்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் அரசு நிறுவனம். உற்பத்தி 1984-இல் தொடங்கியது. நாளுக்கு 300 டன் கொள்ளளவில் மை நீக்கும் பிரிவும் அங்கே உண்டு. தாளைத் தண்ணீரில் போட்டு மாவு மாதிரி கரைப்பார்கள். அடியிலிருந்து காற்றுக் குமிழி விட்டால், மை அதில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே வரும். நுரையை வழித்துவிட்டால் கூழ் வெளுக்கும். லேசர் பிரிண்டர் மை மட்டும் லேசில் விடாது.

கார்பன் தாள், லேமினேஷன் செய்தது, பில் மிஷின் ரசீது இதையெல்லாம் மூட்டையில் போடாதீர்கள். ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் உள்ள தாளைக் கையால் இரண்டாகக் கிழித்தால் போதாது. அது ஆலைக்குப் போய்க் கூழாகும் வரை ஒரு பணியாளர் கூடவே இருந்து பார்க்க வேண்டும்.

மயிலாடுதுறை: பின்கட்டில் கொளுத்திவிட்டால் வேலை முடிந்ததே?

கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-இலேயே சொல்லிவிட்டது.

பட்டுக்கோட்டை: பஜ்ஜிக் கடைக்காரர் கேட்கிறார், கொடுக்கலாமா?

வேண்டாம். அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகும். அதோடு யாரோ ஒருவர் கொடுத்த மனு பஜ்ஜி மடிக்கிற தாளாக ஊர் சுற்றும்.

திருத்துறைப்பூண்டி: அடைமழையில் கட்டுகள் நனைந்துவிட்டன.

கழிவையும் நிரந்தரக் கட்டையும் முதலில் பிரியுங்கள். நிரந்தரத்தை வெயிலில் போடாதீர்கள். மின்விசிறி அடியில், நிழலில், நடுநடுவே உறிஞ்சு தாள் வைத்துக் காய வையுங்கள். ஒட்டிக்கொண்ட பக்கத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம்.

திருவாரூர், கிராம நிர்வாக அலுவலர்: பழைய அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்தார் என்ற கிராமக் கணக்கு) மூட்டை மூட்டையாக இருக்கிறது. இப்போது எல்லாம் கணினியில்தானே? ஆலைக்கு அனுப்பிவிடலாம்.

தம்பி, இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அப்போதைய நம் தஞ்சை மாவட்டத்துக்கென்றே வந்தது. 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. உழுதவன் யார் என்ற வழக்கு வந்தால் எடுத்துப் பார்ப்பது அந்தக் காலத்து அடங்கலைத்தான்.

அவரே: கணினியில் ஏற்றியதை விடத் தாள் உசத்தியா மேடம்? கரையான் தின்றது போக மிச்சம் என்ன இருக்கும்?

கரையான் தின்றாலும் மிச்சத்தில் பெயர் இருக்கும். நான் வேலையில் இருந்தபோது ஒரு அம்மா வந்தார். அப்பா சாகுபடி செய்த கோயில் நிலம், கையில் ஒரு சீட்டு இல்லை. கழிவு மூட்டைகளுக்கு அடியில் பசலி 1381, அதாவது 1971-72 வருவாய் ஆண்டின் கட்டு கிடந்தது. துணியை அவிழ்த்தால் இராமபாணப் பூச்சி ஓடுகிறது, ஓரமெல்லாம் பொடிகிறது. நடுவில் ஊதா மையில் அவர் அப்பா பெயர் அப்படியே இருந்தது. அந்த அம்மா அதை விரலால் தொடாமல், மேலே கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். மறுநாள் லாரி வர இருந்தது. பட்டியலில் யாரும் அதை எழுதியிருக்கவில்லை.

தஞ்சாவூர், உதவியாளர்: அந்தத் தம்பி சொல்வதும் சரிதான் மேடம். வைக்க இடம் எங்கே?

இடம் பிரச்சினைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடத்தை அடைப்பது அடங்கல் இல்லை. ஒரே சுற்றறிக்கையின் பத்து நகல், காலாவதியான படிவம், பழைய உறை இவைதான். இவற்றை முதலில் அனுப்புங்கள், பாதி அறை காலியாகும். உங்கள் ஊர் சரஸ்வதி மகால் நூலகத்தில், மராத்தியை எழுதிய மோடி என்ற பழைய எழுத்தில் இருக்கும் ஆவணங்களும் மராட்டியர் ஆபீஸில் அன்றாடம் எழுதிய கணக்கும் கடிதமும்தானே?

சீர்காழி: கொளுத்தலாமா?

மேலே படியுங்கள்.

வேதாரண்யம்: கிலோ விலை?

அதுவும் மேலே இருக்கிறது.

திருவாரூர்த் தம்பி மறுபடி: சரி மேடம். சனிக்கிழமை மூட்டையைப் பிரிக்கிறேன். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

பசலி எண்ணை வைத்து வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொரு கட்டின் மேலும் கிராமமும் பசலியும் எழுதிய சீட்டு வையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், தூசி பொல்லாதது. எது கழிவு என்று சந்தேகம் வந்தால் தனியாக வைத்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.