யாழ்ப்பாணத்தில் ஜம்புப் பழப்புறாவை வளர்க்க முடியுமா? பயறும் குரக்கனும் போட்டால் போதுமா?

வளர்க்க வேண்டாம் என்பதே என் பதில். நீங்கள் ஏற்கெனவே வீட்டில் மாடப்புறா வளர்ப்பவராகவும், கூடு தயாராக இருக்கிறது, நிறம் மட்டும்தான் வேறு என்று எண்ணுபவராகவும் இருக்கக்கூடும். வேறுபாடு நிறத்தில் அல்ல, வயிற்றில் இருக்கிறது.

படங்களில் நீங்கள் கண்டிருக்கக்கூடிய, முகம் செந்நிறமாகவும் வெண்ணிற மார்பில் ரோசாத் திட்டுடனும் இருப்பது ஜம்புப் பழப்புறாவின் ஆண். பெண் பெரும்பாலும் பச்சையே. தாய்லாந்தின் தெற்கிலிருந்து மலாயா, சுமாத்திரா, போர்னியோ வரையுள்ள மழைக்காடுகளே அதன் இருப்பிடம். பழப்புறாக்களில் 50க்கும் மேற்பட்ட வகைகள் கிழக்கே பசிபிக் தீவுகள் வரை பரவியிருந்தாலும், இலங்கையில் ஒன்றுகூட இல்லை. சிங்கராஜ மழைக்காட்டிலும் இல்லை. மாடப்புறாவுக்குத் தானியத்தை அரைக்கும் தடித்த தசை இரைப்பை உண்டு. பழப்புறாவின் இரைப்பையோ மெல்லியது. பழத்தை முழுதாக விழுங்கி, சதையை மட்டும் செரித்து, விதையைப் பழுதில்லாமல் எச்சத்தோடு விட்டுவிடும். அப்படி விழும் விதைகளால்தான் அந்தக் காடுகளில் எத்தனையோ மரங்கள் தாய்மரத்துக்கு அப்பால் போய் முளைக்கின்றன. அத்தகைய வயிற்றுக்குப் பயறும் குரக்கனும் உணவாகாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கெட்டப்போல் (கவண்) கல்லடி பட்ட உள்நாட்டுப் பச்சைப்புறா ஒன்று எங்கள் கிணற்றடியில் வந்து விழுந்தது. மார்பின் மேற்புறத்தில் இளம் ஊதாப் பட்டையும் அதன் கீழே செம்மஞ்சளும் இருந்ததால் ஆண் என்று தெரிந்தது. கண்மணியைச் சுற்றி ஒரு நீல வளையம், அதற்கு வெளியே ஒரு சிவப்பு வளையம். பக்கத்து வளவு மாமி சுளகில் சாமை கொண்டுவந்து, "புறாதானே பிள்ளை, பசிச்சால் தின்னும்" என்றார். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீதியோர ஆலமரத்தடியில் பொறுக்கிய பழங்களைக் கொம்போடு கட்டித் தொங்கவிட்ட பிறகே, தலைகீழாக எட்டி ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கியது. நிலத்தில் வைத்த பழத்தைத் தொடவேயில்லை. சிறகு தேறியதும் அந்த மரத்தடியிலேயே விட்டுவிட்டேன்.

பச்சைப்புறாவும் பழப்புறாவும் ஒன்றல்ல என்று யாராவது திருத்த வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: ஒன்றல்லத்தான். பச்சைப்புறாவின் இரைப்பை வலியது, ஆலம்விதையையும் அரைத்துவிடும். அந்த வலிய இரைப்பை உள்ள பறவையே சாமையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை என்றால், மெல்லிய இரைப்பை கொண்டது என்ன செய்யும் என்பதே என் கேள்வி. மிருகக்காட்சிச்சாலைகளில் வைத்திருக்கிறார்களே என்றும் கேட்பீர்கள். அங்கே நாள்தோறும் பலவகைப் பழங்களைச் சிறிதாக நறுக்கிக் கொடுக்கிறார்கள், கூண்டுக்குள் வெப்பத்தையும் ஈரத்தையும் பேணுகிறார்கள். எங்கள் ஆடிக்காற்றிலும் புழுதியிலும் ஒரு வீட்டுக்காரரால் அதைச் செய்ய முடியாது. கூண்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் நான் எதிரி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மனத்தை உறுத்தும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பழம் பொறுக்கிய அந்த ஆலமரம் இன்று இல்லை. மண்டபம் கட்டுவதற்காகத் தறித்தார்கள். கேட்கப் போனவர்களுக்கு "நிழலுக்குத் தகரக் கொட்டகை போடுவம்" என்று பதில் கிடைத்தது. பழமரத்தை நிழலாக மட்டுமே கணக்கிடுகிற ஊரில், வெளிநாட்டுப் பழப்புறாவுக்கு ஆசைப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. இது உங்கள் குற்றமல்ல.

நிறமுள்ள புறாவைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், உங்கள் வளவில் ஒரு ஜாம்பழ மரம் வையுங்கள். விரைவில் காய்க்கும், பச்சைப்புறாக்களும் தேடிவரும். பெரிய வளவாக இருந்தால், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி ஒரு இத்தியும் நடலாம். பழுத்த ஆலோ அரசோ அருகில் இருந்தால் காலையில் போய்ப் பாருங்கள். இலையோடு இலையாக இருப்பதால் முதலில் ஒன்றும் தெரியாது. சீழ்க்கை போன்ற குரல் வரும் கொப்பை உற்றுப் பார்த்தால் செம்மஞ்சள் மார்பு தெரியும்.