மகள் பிசிக்ஸ் படிச்சு என்ன செய்யப்போறா எண்டு கேட்ட அண்ணைக்கு

அண்ணை, நேற்று நீங்கள் ஹெல்மெட்டைக்கூடக் கழட்டாம வாசல்ல நிண்டு "கலக்சியை எண்ணிச் சோறு தின்னேலுமோ தங்கச்சி" எண்டு கேட்டிட்டு வயலுக்குத் தண்ணி மாறோணும் எண்டு வெளிக்கிட்டிட்டியள், மகள் பின் சீற்றில இருந்து திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டு போனவ, எனக்கு மனம் கேக்கேல்ல, அதால ஆறுதலா எழுதுறன்.

மகள் படிக்கக் கேக்கிறது கொஸ்மோலொஜி, அதுதான் பிரபஞ்சத்தைப் பற்றின பிசிக்ஸ், அது கலக்சியளை, கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த கூட்டங்களை, எண்ணுற வேலை இல்லை அண்ணை. ஐன்ஸ்டைன் 1915இல சொன்ன ஈர்ப்புக் கணக்கு சூரியனைச் சுத்தின இடத்தில அச்சொட்டா நிக்குது, கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்துக்கும் அதே கணக்குத்தானோ எண்டதுதான் கேள்வி. 1998இல பிரபஞ்சம் விரியிற வேகம் கூடிக்கொண்டு போகுது எண்டு கண்டுபிடிச்சாப்பிறகு இது பெரிய கேள்வியாப் போச்சுது, கண்ணுக்குத் தெரியாத ஏதோ சக்தி தள்ளுதோ, இல்லாட்டி ஈர்ப்பைப் பற்றின எங்கட கணக்கே பிழையோ எண்டு.

வற்றாப்பளைப் பொங்கல் இரவை நினைச்சுப் பாருங்கோ, நாலு பக்கத்தாலயும் மோட்டசைக்கிள் லைற்றுகள் கோயிலடிக்கு இழுபட்டு வரும், எவ்வளவு கெதியாச் சனம் சேருது எண்டு பார்த்தா அந்த இழுவை எவ்வளவு எண்டு சொல்லலாம். கலக்சியளும் அப்பிடித்தான் கூட்டம் கூட்டமாச் சேருது. பிரபஞ்சம் விரியிறதால தூரத்தில நிக்கிறது கூட வேகமா விலகும், விலக விலக வெளிச்சம் சிவப்புப் பக்கம் நகரும், அது எவ்வளவு நகர்ந்திருக்கு எண்டு பார்த்துத்தான் தூரம் கணிக்கிறது, ஆனா கூட்டத்துக்குள்ள விழுற வேகமும் அதில கலந்திடும், அங்கால நிக்கிறது எங்கட பக்கமா விழுறதால கிட்டத் தெரியும், இங்கால நிக்கிறது தள்ளித் தெரியும், அப்ப வரைபடத்தில கூட்டம் எங்கட பார்வைத் திசையில நசுங்கின மாதிரி வரும். அந்த நசிவை அளந்தா ஈர்ப்பு எவ்வளவு கெதியாச் சேர்க்குது எண்டு பிடிக்கலாம். இது விளங்கின அண்டைக்கு நான் தேத்தண்ணியும் குடிக்காம இருந்து கொப்பியில திருப்பித் திருப்பிக் கீறிப் பார்த்தனான்.

அமெரிக்காவில அரிசோனா மலையில டெசி எண்டு ஒரு கருவி, 5000 பொருளின்ர வெளிச்சத்தை ஒரே தரத்தில பிடிக்கும். அந்தக் குழு 2024 நவம்பரில 60 இலட்சத்துக்குக் கிட்டின கலக்சி, குவேசாரை (தூரத்துக் கலக்சியளின்ர நடுவில பயங்கரமா வெளிச்சம் விடுற இடங்கள்) வைச்சுப் பார்த்து ஐன்ஸ்டைன்ர கணக்கு இன்னும் பிழைக்கேல்ல எண்டு சொல்லிச்சினம். 2025 மார்ச்சில முதல் தொகுதித் தரவையும் எல்லாருக்கும் திறந்து விட்டிட்டினம், மகள் கிளிநொச்சியில இருந்துகொண்டே அதில ஒரு துண்டை இறக்கிப் பார்க்கலாம்.

இனி சோத்துக்கு வருவம். இந்தப் பேரில இலங்கையில வேலை தேடினா கிடைக்கிறது சரியான கஷ்டம், நான் மறைக்கமாட்டன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில பௌதிக விஞ்ஞானம் எடுத்து பிசிக்ஸில 4 வருச சிறப்புப் பட்டம், பிறகு வெளிநாட்டில பிஎச்டி, அதுக்கு இன்னும் 5, 6 வருசம். ஆனா அமெரிக்காவில பிசிக்ஸ் பிஎச்டிக்கு இடம் கிடைச்சா அனேகமாப் பீஸும் இல்லை, மாசம் மாசம் காசும் தருவினம், காணி ஈடு வைக்கத் தேவையில்லை. மற்றது, இந்த வேலையில பாதி கோடிங்கும் புள்ளிவிபரமும்தான், இடையில மனம் மாறினாலும் பாங்கிலயோ சொப்ட்வெயார் கொம்பனியிலயோ அதே கை வேலை செய்யும். அதால இப்பவே பைதன் எண்ட கோடிங் மொழியைப் பழகச் சொல்லுங்கோ, இங்கிலீசையும் விடவேண்டாம், கம்பஸில படிப்பு இங்கிலீசிலதான்.

ஒண்டை மட்டும் கவனியுங்கோ. கம்பஸ் விண்ணப்பத்தில இன்ஜினியரிங்கை மேல போட்டு இசட் ஸ்கோரும் (ஏ எல் சோதினைப் புள்ளியில இருந்து கணிக்கிறது) காணுமெண்டா அதுதான் வரும், கீழ கிடக்கிற பௌதிக விஞ்ஞானத்துக்கு ஆக்கள் திரும்பிப் பார்க்கமாட்டினம். இன்ஜினியரிங் பீடம் இருக்கிற அறிவியல் நகர் வீட்டுக்குக் கிட்ட எண்ட ஒரு காரணத்துக்காக மட்டும் ஒழுங்கை மாத்தாதேங்கோ. ஞாயிறு பின்னேரம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, நாலு பேரும் இருந்து நிரப்புவம், உங்கட பயத்தை மகளுக்கு முன்னாலயே சொல்லுங்கோ, அவ என்ன மறுமொழி சொல்லுறா எண்டு நானும் கேக்கோணும்.