மறைந்த பாட்டியின் முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலியில் என்ன எழுதலாம்?

நீங்கள் கேட்டிருப்பது நான்கு வரிகள்தான். நாளிதழுக்கோ தெருமுனையில் ஒட்டும் சுவரொட்டிக்கோ தேவைப்படுகிறது என்று எண்ணுகிறேன். அச்சகத்தில் தயாராக இருக்கும் வாசகத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். 2021-இல் என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, இறந்தபோது "அன்பின் உருவமே, பாசத்தின் பிறப்பிடமே" என்ற வரிகளுக்குக் கீழே அவருடைய படத்தை வைத்து ஊரெங்கும் ஒட்டினோம். பெயரை மாற்றினால் அந்தச் சுவரொட்டி எந்தப் பாட்டிக்கும் பொருந்தியிருக்கும். இறப்பைப் பதிவு செய்யும் படிவத்தில் தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று என் கையாலேயே எழுதினேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அம்மாயி இல்லத்தில் இருந்தவர் அல்லர். லால்குடிப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் 29 ஆண்டுகள் சத்துணவு சமைத்தவர். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது அம்மாயிக்கு வயது 31. தாத்தா இறந்து, என் அம்மாவையும் மாமாவையும் வைத்துக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தார். கணவரை இழந்த பெண்களுக்கு அந்த வேலையில் முன்னுரிமை தந்ததால் ஆயாவாகச் சேர்ந்து, சில ஆண்டுகளில் சமையலர் ஆனார்.

ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. 90 பிள்ளைகள் வந்தால் 9 கிலோ. அதை முறத்தில் புடைத்து, கல்லும் புழுவும் பொறுக்கி, மக்கிய வாடை போகும்வரை நான்கைந்து தண்ணீரில் களைந்து, விறகடுப்பில் ஏற்றிக் கஞ்சி வடிக்க வேண்டும். அண்டாவைச் சாய்க்கும்போது ஒருமுறை கஞ்சி கொட்டியதில் இடது முன்கை முழுவதும் வெந்துபோய், அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. சிறு வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் நான் தூங்குவேன். ஆனால் அஞ்சலி வாசகம் எழுத உட்கார்ந்தபோது அந்தத் தழும்புகூட எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்திற்கு எங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் வந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், அந்தப் பள்ளியில் படித்தவர். 1989-இல் சத்துணவில் முதன்முதலாக முட்டை போடத் தொடங்கியபோது, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று கிடைத்த அந்த முட்டையை வீட்டிலிருந்த தங்கைக்காகக் கால்சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டாராம். வீடு போய்ச் சேர்வதற்குள் அது நசுங்கிவிட்டது. அடுத்த முறை அம்மாயி அவருடைய தட்டில் முட்டையை வைக்காமல், பூவரச இலையில் சுற்றி நாரால் கட்டி, பள்ளி விடும் நேரத்தில் கையில் கொடுத்தாராம். அதன்பின் அவர் அங்கே படித்த காலம் முழுவதும் அப்படியே நடந்ததாம். அம்மாயி இதை யாரிடமும் சொன்னதில்லை. பெற்ற மகளான என் அம்மாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

பிள்ளை உண்ண வேண்டிய முட்டையை வெளியே கொடுத்தனுப்பியது விதிமீறல் அல்லவா என்று இங்கே யாரேனும் கேட்கக்கூடும். அது அந்தப் பையனுக்கு உரிய முட்டை. கணக்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. பள்ளியிலிருந்து ஒரு பிடி பருப்பையும் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நானும் அதே பள்ளியில் 1999 முதல் படித்தவன். பேரன் என்று ஒரு கரண்டி கூடுதலாக எனக்கு விழுந்ததில்லை. அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இந்தத் தளத்திலேயே வேறொரு கேள்வியின் கீழ், இலவசச் சோறு போட்டு மக்களைச் சோம்பேறிகளாக்கிவிட்டார்கள் என்று சிலர் எழுதியிருந்ததைப் படித்து வேதனைப்பட்டேன். அந்தச் சோற்றுக்குப் பின்னால் காலை எட்டு மணிக்கே புகையில் கண் எரிய நின்ற பெண்கள் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் நினைத்தாவது பார்க்க வேண்டும். அத்தனை ஆண்டு உழைத்தவர் இறக்கும்போது வாங்கிவந்த சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். உங்கள் கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். அவரை நினைக்கும்போது இதை விட்டுவிட்டு என்னால் நினைக்க முடியவில்லை.

உங்கள் பாட்டி என்ன வேலை செய்தார் என்பதை நீங்கள் எழுதவில்லை. வயலிலோ, தறியிலோ, அடுப்படியிலோ அவர் ஏதோ ஒன்றை நாள் தவறாமல் செய்திருப்பார். அவரோடு வேலை செய்தவர்கள், பக்கத்து வீட்டு மூத்தவர்கள் யாராவது இருந்தால், அச்சகத்துக்குப் போவதற்கு முன் அவர்களிடம் போய் உட்காருங்கள். உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள், ஆனால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நாங்கள் பழைய வாசகத்தை நீக்கிவிட்டு, "29 ஆண்டுகள் நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவர்" என்று தொடங்கி, பூவரச இலையில் கட்டிக் கொடுத்த முட்டையையும் சேர்த்து எழுதிக் கொடுத்தோம். எழுத்து அதிகமாக இருக்கிறது, இடம் போதாது என்று அச்சகத்தில் சொன்னார்கள். படத்தைச் சிறியதாக்கிக்கொள்ளுங்கள் என்று அம்மா சொல்லிவிட்டார்.