ராக்கெட் புதுசுதான், பந்து ஏன் கோட்டைத் தாண்டுகிறது?

பாளையங்கோட்டையில் டென்னிஸ் ஆடுபவரின் கேள்வி: 300 கிராம் ராக்கெட், பாலியெஸ்டர் ஸ்ட்ரிங், சில மாதத்திலேயே பந்து பேஸ்லைனை, அதாவது ஆடுகளத்தின் கடைசிக் கோட்டை, தாண்டுகிறது, ராக்கெட்டை மாற்றணுமா?

வேண்டாம், ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள். நெடுக்கு இழைகள் பந்தோடு விலகி, சட்டென்று இடத்துக்குத் திரும்புவதால்தான் நல்ல சுழற்சி கிடைக்கிறது. குறுக்கு இழையோடு உரசி உரசிப் பள்ளம் விழுந்தால் விலகிய இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். சுழற்சி குறைந்த பந்து இறங்காமல் நீளும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் விரலால் இழையை நேராக்க வேண்டியிருக்கிறதா? அதன் ஆயுசு முடிந்தது. அறுகிற வரை காத்திருந்தால் முழங்கைக்குத்தான் கேடு.

நம்மூர் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் ராக்கெட்டை வைக்கவே வைக்காதீர்கள். சூட்டில் இழுவிசை சீக்கிரம் தளரும். புது ஸ்ட்ரிங்கை 52 பவுண்டு இழுவிசையில் கட்டச் சொல்லுங்கள். பிறகும் நீண்டால் 2 பவுண்டு கூட்டிப் பாருங்கள். ஏற்கெனவே கைவலி இருந்தால் பல மெல்லிய நூல்களைச் சேர்த்துச் செய்த மென்மையான மல்டிஃபிலமென்ட் ஸ்ட்ரிங்தான் நல்லது.