கணினிக்குள் இருக்கும் எக்ஸ்பிக்குக் கோப்பு அனுப்புவது எப்படி?

கேள்வி: உவர்மலையில் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பழைய அந்தியேட்டி நினைவு மலர்கள், கோவில் நோட்டீஸ்கள் எல்லாம் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றுக்காகவே புதிய விண்டோஸ் 11 கணினியில், கணினிக்குள் இன்னொரு கணினியை இயக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் பழைய விண்டோஸ் எக்ஸ்பியை இயக்குகிறேன். ஆனால் நெட்வேர்க்கில் பகிர்ந்த கோப்புறை எக்ஸ்பியில் திறப்பதில்லை. விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி1 வசதியை இயக்கினால் சரிவரும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வொனாக்ரை என்ற தீநிரல், அந்தப் பழைய எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது. எக்ஸ்பிக்கோ மைக்ரோசொஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இரண்டையும் இணைத்து வைத்தால் உங்கள் வாடிக்கையாளர்களின் கோப்புகளுக்குக் காவல் இராது.

உங்களுக்கு நெட்வேர்க்கே தேவையில்லை. எக்ஸ்பி ஓடும்போது வேர்ச்சுவல்பொக்ஸின் 'டிவைசஸ்' மெனுவில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' என்ற துணை மென்பொருள் சீடியைச் செருகி (உண்மைச் சீடி தேவையில்லை) நிறுவுங்கள். எக்ஸ்பியை மீண்டும் தொடங்குங்கள். பிறகு அதே மெனுவின் 'ஷெயார்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் ஒரு கோப்புறையைச் சேர்த்து, 'ஓட்டோ மவுண்ட்', 'மேக் பெர்மனென்ட்' இரண்டையும் குறியிடுங்கள். 'மை கம்பியூட்டரில்' அது ஒரு டிரைவாகத் தெரியும். இது எஸ்எம்பியில் ஓடுவதில்லை. ஆகவே எக்ஸ்பியின் நெட்வேர்க் அடெப்டரை முழுதாக அணைத்துவிடுங்கள். பகிர்வு அப்போதும் வேலை செய்யும்.

முழு டி டிரைவையும் பகிர்ந்துவிடாதீர்கள். பரிமாற்றத்துக்கென்றே ஒரு வெறும் கோப்புறை போதும். எக்ஸ்பிக்குள் வைரஸ் புகுந்தால் அது எழுதக்கூடிய இடமெல்லாம் உங்கள் புதிய கணினியின் இடம்தான். பழைய மலர்களின் மூலக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, 'ரீட் ஒன்லி' குறியிட்டுப் பகிருங்கள்.

ஸ்னாப்ஷொட்டை (எக்ஸ்பியின் அப்போதைய நிலையைச் சேமித்து வைக்கும் வசதி) நம்பிப் பலர் ஏமாறுவது இங்கேதான். எக்ஸ்பியை நேற்றைய நிலைக்குத் திருப்பினாலும், பகிர்ந்த கோப்புறையில் அழிந்தது திரும்பாது. அது எக்ஸ்பியின் வன்தட்டில் இல்லையே. வெளி வன்தட்டில் ஒரு பிரதி கட்டாயம் இருக்கட்டும். மத்திய வீதி அச்சகமொன்றில் பாமினி தட்டச்சுடன்தான் நான் வேலையைத் தொடங்கினேன். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை விபரமும் சில வேளைகளில் அந்தியேட்டி மலரில் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

திருத்தி முடித்ததும் எழுத்துருவை உட்பதித்துப் பிடிஎஃப் ஆக்கி வெளியே எடுங்கள். பாமினி இல்லாத கணினியில் பேஜ்மேக்கர் எழுத்துகள் ஆங்கிலமாகச் சிதறும், பிடிஎஃப் சிதறாது.