கிளப் கைவிட்ட மகனும் மேசையில் கிடக்கும் ஒப்பந்தமும்

அன்பின் அக்காவுக்கு,

பெரிய கால்பந்துக் கிளப்பின் பயிற்சிப் பள்ளி மகனை 17 வயதில் நிற்பாட்டிவிட்டது, இப்போது ஊர்க் கிளப்பில் ஆடுகிறான், மின்தொழில் ஆவுஸ்பில்டுங் (வேலையோடு படிக்கிற தொழிற்பயிற்சி) ஒப்பந்தம் இரண்டு கிழமையாக மேசையில் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். "வேலைக்குப் போனால் பந்து முடிஞ்சுது" என்கிறானாம்.

ஜேர்மன் கால்பந்து வீரர் மிரோஸ்லாவ் குளோசேயின் கோல் கணக்கு அவனுக்கு மனப்பாடமாயிருக்கும்: உலகக் கிண்ணத்தில் 16, ஜேர்மனிக்காக 137 ஆட்டங்களில் 71. அதற்கு முந்திய கதையைக் கேட்டுப் பாருங்கள். போலந்தில் பிறந்து, சிறுவயதில் ஜேர்மனியின் கூசெல் ஊருக்கு வந்த பிள்ளை. தகப்பன் தொழில்முறை ஆட்டக்காரர். தாய் போலந்து தேசிய ஹேண்ட்பால் அணியில் ஆடியவர். அப்படியிருந்தும் 19 வயதில் மகன் ஆடியது ஏழாம் பிரிவில். கூரைக்கு மரச்சட்டம் பூட்டுகிற தச்சுவேலையையும் முறையாகப் படித்து முடித்தார். 1998இல் ஹோம்பூர்க் கிளப், மறுவருடம் கைசர்ஸ்லௌட்டர்ன் கிளப்பின் இரண்டாம் அணி. ஜேர்மனியின் முதற்பிரிவான புண்டெஸ்லீகாவில் கால் வைத்தது 2000 ஏப்ரலில், 21 வயதில். 2002 உலகக் கிண்ணத்தில் ஐந்து கோல், ஐந்தும் தலையால்!

இதைச் சொல்லி "நீயும் குளோசே ஆவாய்" என்று ஆசை காட்டிவிடாதீர்கள். ஏழாம் பிரிவில் ஆடுகிற அநேகருக்கு அங்கேயே வயது போய்விடுகிறது. தச்சுவேலை அவருடைய பந்தைப் பறிக்கவில்லை என்பது மட்டும் மகனுக்கு விளங்கினால் போதும்.

18 வயதுக்குக் குறைந்தவருக்கு ஜேர்மன் சட்டப்படி வேலைநேரம் கிழமைக்குக் கூடியது 40 மணித்தியாலம். ஊர்க் கிளப்பின் பயிற்சி பின்னேரத்தில். ஆகவே இடிக்கக்கூடியது வேறு: வேலை எத்தனை மணிக்கு முடியும், தூர ஊர் வேலைகளுக்குக் கூட்டிப் போவார்களா, சனிக்கிழமை கூப்பிடுவார்களா? இதை வேலை பழக்குகிற மாஸ்டரிடம் மகனே நேரில் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகாதீர்கள்; தாய் கேட்டால் அது தாயின் வேலையாகிவிடும்.

தொடக்கத்தில் ஒன்று முதல் நான்கு மாதம் வரை பரீட்சார்த்த காலம் உண்டு. அதற்குள் பிடிக்காவிட்டால் முன்னறிவித்தல் இல்லாமலே விலகலாம். இது தெரிந்தால் பேனா எடுக்கிற பயம் பாதி குறையும். அவனுக்கு 18 ஆகாததால் உங்கள் கையெழுத்தும் வேண்டும்தான். ஆனாலும் அவன் போட்ட பிறகு நீங்கள் போடுங்கள்.

கோபத்தில் சப்பாத்தைக் குப்பையில் போட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். குப்பை வண்டி வர முதல் எடுத்துவிடுங்கள் அக்கா.