அதிபர் கட்சிக்கு நவம்பரில் என்ன ஆகிறது?

கேள்வி: அமெரிக்காவில் ஒருவரை ஆரவாரமாக அதிபர் ஆக்குகிறார்கள். இரண்டே வருடத்தில் அவருடைய கட்சியை இடைத்தேர்தலில் மண்ணைக் கவ்வ வைக்கிறார்கள். அந்த ஊர் வாக்காளர் அவ்வளவு சலனபுத்திக்காரரா, அல்லது வருகிற அதிபர் எல்லோருமே சொதப்புகிறவர்களா?

பதில்: முதலில் ஒரு திருத்தம். அது இடைத்தேர்தல் இல்லை, இடைக்காலத் தேர்தல். நம்மூர் இடைத்தேர்தல் காலியான ஒரு தொகுதிக்கு நடப்பது. அமைச்சர்கள் படையோடு போய் முகாம் போடுவார்கள், பெரும்பாலும் ஆளுங்கட்சியே ஜெயிக்கும். அங்கே நேர் எதிர். அதிபரின் நான்கு வருடத்தில் பாதி கழியும்போது, நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று, பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும் மேல்சபையான செனட்டின் 100 இடங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கும் ஓட்டுப் போடுகிறார்கள். 1934-இல் தொடங்கி எண்ணினால், அதிபரின் கட்சி பிரதிநிதிகள் சபையில் இடத்தைக் கூட்டிக்கொண்டது மூன்றே முறை: 1934, 1998, 2002. இத்தனை அதிபர்களும் ஒரே மாதிரி சொதப்பியிருக்க முடியாது.

எத்தனை இடம் போகும் என்பதில் பெரும் பங்கு அதிபர் பதவியேற்கும் முன்பே முடிவாகிவிடுகிறது என்பேன். அலையில் ஜெயிக்கும் கட்சி, தனக்குச் சொந்தமில்லாத தொகுதிகளிலும் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2008-இல் ஒபாமா அலை. அதிபர் ஓட்டில் எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மெக்கெய்ன் முந்திய தொகுதிகளில்கூட, ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான இடங்களில், ஒபாமாவின் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் எம்.பி.யாக இருந்தார்கள். எல்லாம் வாடகை வீடு. 2010-இல் காலி செய்யச் சொன்னார்கள். 63 இடங்கள் போயின.

இதோடு 2022-ஐ வைத்துப் பாருங்கள். அந்த ஜூனில் விலைவாசி உயர்வு 9.1%, நாற்பது வருடத்தில் அதிகம். பெட்ரோல் பங்கில் ஜனங்கள் பைடனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய ஜனநாயகக் கட்சி துடைத்தெறியப்படும் என்று ஜோசியம் சொன்னவர்கள் ஏராளம். போனது ஒன்பதே இடம். கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் ஜூன் 24 அன்று ரத்து செய்தது ஒரு காரணம்தான். ஆனால் அதற்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது: 2020-இல் பைடன் ஜெயித்தபோதே அவர் கட்சி சபையில் பத்துக்கும் மேல் இழந்திருந்தது. இரவல் வாங்கிய நகை இல்லாதபோது எதைத் திருப்பிக் கேட்பது? 1998-இலும் 2002-இலும் அதிபர் கட்சி தப்பியதற்கும் இந்தக் கணக்கு உதவியது. பதவிநீக்க முயற்சி கிளிண்டனுக்கு அனுதாபம் தேடித்தந்தது, செப்டம்பர் 11 புஷ்ஷைத் தூக்கிவிட்டது என்பதெல்லாம் உண்மையே. இரண்டு கட்சிகளுக்குமே முந்தைய தேர்தலில் ஊதிப்போன எண்ணிக்கை இருக்கவில்லை என்பதும் உண்மை.

அடுத்தது, யார் வருகிறார்கள் என்பது. அதிபர் தேர்தலான 2012-இல் ஓட்டுரிமை உள்ளவர்களில் சுமார் 58% பேர் வந்தார்கள். 2014-இல் சுமார் 36%. உலகப் போர் நடந்த 1942-க்குப் பிறகு அவ்வளவு குறைந்ததில்லை. செவ்வாய்க்கிழமை நாடு தழுவிய விடுமுறை கிடையாது. வீடு மாறினால் புது விலாசத்தில் மறுபடி பதிய வேண்டும். வாடகைக்குக் குடியிருக்கும் இளைஞர்கள் இங்கேதான் கழன்றுகொள்கிறார்கள். சொந்த வீட்டில் இருபது வருடமாக இருக்கும் பெரியவர் மழை பெய்தாலும் வந்துவிடுவார். ஆகவே இளைஞர் ஓட்டில் அதிபரானவருக்கு அடி பலமாக விழும்.

அதற்காக, கூட்டம் வந்தால் ஆளுங்கட்சி பிழைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 2018-இல் ஏறக்குறைய 50% பேர் வந்தார்கள், 1914-க்குப் பிறகு இல்லாத அளவு. டிரம்ப் கட்சி சபையில் 40 இடங்களைப் பறிகொடுத்தது. கோபக்காரன் வண்டி கட்டிக்கொண்டு வருவான். திருப்திப்பட்டவனுக்கு அன்று வேறு வேலை இருக்கும்.

சட்டங்களின் கால அட்டவணையும் ஆளுங்கட்சிக்கு எதிரி. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானது மார்ச் 2010-இல். மானியத்தோடு காப்பீடு கைக்கு வந்தது ஜனவரி 2014-இல். நடுவே இரண்டு தேர்தல் நவம்பர். முதல் நவம்பரில் வாக்காளர் கையில் இருந்தது வதந்தியும் பயமும்தான். டிரம்பின் 2017 வரிச் சட்டம் வேறு ரகம்: மத்திய வருமான வரிக் கணக்கில் மாநில, உள்ளூர் வரிக்காகக் கழித்துக்கொள்ளும் தொகையை 10,000 டாலரோடு நிறுத்தியது. சொத்து வரி அதிகமுள்ள நியூ ஜெர்சி புறநகர்களில் அது சொந்தக் கட்சிக்காரரின் கழுத்திலேயே விழுந்தது. அம்மாநிலத்தில் ஐந்து இடம் வைத்திருந்த குடியரசுக் கட்சிக்கு 2018-இல் மிஞ்சியது ஒன்று. வரி மட்டுமே காரணம் இல்லை. ஆனாலும் தன் பலவீனமான தொகுதிகளைத் தேடிப்பிடித்து வரி போட்ட கட்சி என்ற பெருமை அதற்கு உண்டு.

இதில் மாட்டிக்கொள்ளும் தனி மனிதரின் கதியைப் பார்க்க வேண்டுமா? பிலடெல்ஃபியா புறநகரில் மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி, பழைய டி.வி. நிருபர், கிளிண்டனின் ஜனநாயகக் கட்சிக்காரர், 1992-இல் 1,400-க்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். பரம்பரையாகக் குடியரசுக் கட்சித் தொகுதி. வரி உயர்த்த மாட்டேன் என்பது அவர் வாக்குறுதி. 1993 ஆகஸ்டில் கிளிண்டனின் வரி உயர்வு பட்ஜெட் சபையில் இழுபறியானது. கிளிண்டனே தொலைபேசியில் பேசினார். மார்ஜரி ஆதரித்து ஓட்டுப் போட்டார், பட்ஜெட் 218-216 என்று பிழைத்தது. எதிர்வரிசையில் "பை பை மார்ஜரி" என்று கூச்சல். 1994-இல் அப்படியே ஆயிற்று. அவரோடு சேர்ந்து ஜனநாயகக் கட்சியின் ஐம்பதுக்கும் மேல் இடங்கள், நாற்பது வருடமாக வைத்திருந்த சபை, சபாநாயகர் டாம் ஃபோலியின் சொந்தத் தொகுதி எல்லாம் போயின. (மார்ஜரி பின்னாளில் கிளிண்டனுக்குச் சம்பந்தி ஆனார். பட்ஜெட் ஓட்டுக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.)

செனட் கணக்கு வேறு. ஆறு வருடப் பதவி என்பதால் எந்த மாநிலம் எப்போது தேர்தலுக்கு வருகிறது என்பது குலுக்கல் மாதிரி. 2018-இல் சபையில் அடிபட்ட அதே குடியரசுக் கட்சி செனட்டில் இரண்டு இடம் கூட்டிக்கொண்டது. தேர்தல் நடந்த 35-இல் 26 இடங்கள் ஜனநாயகக் கட்சி பக்கம் இருந்தன. காக்க வேண்டிய பாரம் அவர்களுடையது. அன்றிரவு 'மக்கள் தீர்ப்பு' என்று ஒரே வரியில் எழுதியவர்கள் எந்தச் சபையைச் சொன்னார்களோ!

எதிர்க்கட்சியும் சும்மா இருந்தால் ஜெயித்துவிடாது. 2010 அலையில் டெலவேர் செனட் இடம் குடியரசுக் கட்சிக்குக் கைமேல் கனி. முன்னாள் ஆளுநர் மைக் காசில் நின்றிருந்தால் போதும் என்றே கணித்தார்கள். உள்கட்சித் தேர்தலில் அவரைத் தோற்கடித்து கிறிஸ்டீன் ஓ'டானலை நிறுத்தினார்கள். அம்மையார் இளவயதில் சூனியத்தில் கைவைத்ததாகச் சொன்ன பழைய டி.வி. பேச்சு வெளியே வந்தது. அதற்குப் பதிலாக அவர் விட்ட விளம்பரத்தின் முதல் வரி: "நான் சூனியக்காரி இல்லை." ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் சுலபமாக ஜெயித்தார். 2014-இலும் 2020-இலும் அவரேதான்.